மூக்குக்குள் அடிக்கும் பெரட்டு மணி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூக்கடைப்பு ஒரு நோயாகவே தெரிவதில்லை. விடியுமுன் பனியில் நனைந்து பால் வெட்டப் போகிறவருக்குச் சளி பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், பிராட்வால், ரந்தாவ் பக்கம் லின்சம், அப்பால் லாபு, பகாவ் பக்கம் ஜெராம் பாடாங் என்று நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் லயத்து வாழ்க்கை அறிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டு, காலையில் வறண்ட தொண்டையோடு எழுந்து, நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு புறப்படும் ஓர் அத்தையோ சித்தப்பாவோ எல்லார் நினைவிலும் இருப்பார்கள். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று சொல்வதோடு பத்து வருடத் துன்பம் முடிந்துவிடும்.

அந்தத் துன்பத்துக்கு மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. மூக்கடைப்பு, மூக்கிலிருந்தோ தொண்டைக்குள்ளோ சளி வடிதல், முகத்தில் பாரம் அல்லது வலி, மணம் தெரியாமல் போதல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருந்து, 12 வாரங்களுக்கு மேல் விடாமல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் நோய். ஐரோப்பாவில் பல நகரங்களில் எடுத்த ஆய்வொன்று, 2011இல், நூற்றுக்குப் பதினொரு பேர் அளவில் இந்த அறிகுறிகளோடு வாழ்வதாகக் கண்டது. உயிரைப் பறிக்கும் நோய் இல்லை என்பதால் இதற்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை. இதே மாநிலத்தில் சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய வைரஸ், 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் 105 உயிர்களைக் கொண்டுபோனபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மணம் தெரியாமல் வாழும் ஒரு தாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான்கு அறிகுறிகளில் ஆகக் கொடியது மணம் போவதுதான் என்பேன். வலியைச் சொல்லலாம், அடைப்பைக் காட்டலாம், மணம் போனதை வெளியே சொல்லக்கூடப் பலருக்குத் தோன்றுவதில்லை. குழம்பு அடிபிடிப்பது தெரியாது. கெட்டுப்போன சோறு தெரியாது. கேஸ் கசிவது தெரியாது. சாம்பிராணியும் மல்லிகையும் பேரப்பிள்ளையின் தலை மணமும் ஒன்றுமில்லாமல் போய், சாப்பாட்டில் உப்பும் உறைப்பும் மட்டும் மிஞ்சும். உப்பு கூடிக்கொண்டே போகும். இரத்த அழுத்தமும் அதோடு கூடும்.

இனி கிளினிக்குக்கு வருவோம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஐந்து நாள், ஏழு நாள் ஆன்டிபயாடிக். இரண்டு நாள் சற்று லேசாக இருக்கும். அடுத்த மாதம் பழைய கதை. மறுபடியும் அதே மாத்திரை. நோய் கிருமியால் வருகிறது, கிருமியைக் கொன்றால் நோய் போய்விடும் என்ற கணக்கு இது. நாள்பட்ட சைனஸ் விஷயத்தில், குறிப்பாக மூக்கில் சதை வளர்ந்தவர்களிடம், இந்தக் கணக்கு தப்பு. அங்கே தொல்லை கொடுப்பது கிருமியின் எண்ணிக்கை அல்ல. அது கசியவிடும் நச்சும், அந்த நச்சைக் கண்டு நம் உடம்பே நடத்தும் கலவரமும்தான். கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் சாரம் இது. தோட்டப்புறத்து மூக்குகளுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கன்னத்து எலும்புக்குள், புருவத்துக்கு மேல், கண்களுக்கு நடுவே, அதற்கும் பின்னால் என்று காற்று நிரம்பிய அறைகள் நமக்கு உண்டு. அவற்றின் உட்சுவரில் மெல்லிய ஈரச் சவ்வு. சவ்வின்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஒரே திசையில் அடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப்படலத்தை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். கன்னத்து அறையின் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. ஆகவே சளி மேல்நோக்கி ஏற்றப்பட வேண்டும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் வால்டர் மெசர்கிளிங்கர் என்ற மருத்துவர் இந்தச் சளி ஓட்டத்தைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்தார். வேறு இடத்தில் துளை போட்டுவிட்டாலும் சளி அந்தத் துளையைத் தாண்டி இயற்கை வாசலையே தேடிப் போவது தெரிந்தது. இன்று மூக்குக்குள் குழாய் விட்டுச் செய்யும் சைனஸ் அறுவை சிகிச்சை முழுவதும் இந்த அறிவின்மேல்தான் நிற்கிறது. வாசல் வீங்கி அடைந்தாலும், நுண்மயிர்கள் சோர்ந்தாலும், சளி தேங்கும்.

தேங்கிய இடத்துக்கு வரும் விருந்தாளிகளில் முக்கியமானது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் சீழ்க்கட்டிகளை ஆராய்ந்த அலெக்சாண்டர் ஓக்ஸ்டன் 1880களின் தொடக்கத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்ட கிருமி இனத்தைச் சேர்ந்தது. நலமாக இருப்பவர்களிலும் நூற்றுக்கு இருபது, முப்பது பேர் மூக்கில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும். குடியிருக்கும்வரை பிரச்சினை இல்லை. நச்சு சுரக்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

அந்த நச்சுகள் ஒரு வகையல்ல. ஆல்பா நச்சு என்ற ஒன்று, ஏழு துண்டுகள் வளையமாகச் சேர்ந்து செல்லின் சவ்வில் துளை போடும். புரதத்தை வெட்டும் நொதிகள் சில, சவ்வின் செல்களுக்கு நடுவே உள்ள பிணைப்பைத் தளர்த்திவிடும். மூன்றாவது வகைதான் இந்தக் கதையின் மையம். கெட்டுப்போன பலகாரம் தின்றவரை வாந்தி எடுக்க வைக்கும் அதே என்டரோடாக்சின்கள். இவற்றுக்கு மருத்துவ உலகம் 1989 முதல் சூப்பர் ஆன்டிஜென் என்று பெயர் வைத்திருக்கிறது. பிலிப்பா மேரக், ஜான் கேப்லர் என்ற அமெரிக்கத் தம்பதி ஆய்வாளர்களின் குழு இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை விளக்கியது.

தோட்டத்துக்காரர்களுக்குப் பெரட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு மணி அடிக்கும், ஆட்கள் களத்தில் கூடுவார்கள், கிராணி பேர் வாசிப்பார், எந்த நிரைக்கு யார் என்று மண்டோர் பிரித்து அனுப்புவார். சாதாரணமாக ஒரு கிருமி உள்ளே வரும்போது உடம்பில் நடப்பதும் அதுதான். நோய் எதிர்ப்பின் தளபதிகளான டி செல்களில், அந்தக் கிருமியை அடையாளம் தெரிந்தவை மட்டுமே பேர் சொல்லி அழைக்கப்படும். பத்தாயிரத்தில் ஒன்றுகூட இராது. சூப்பர் ஆன்டிஜென் பேர் வாசிக்கும் முறையையே குறுக்கே வெட்டிவிடுகிறது. அழைக்கும் செல்லையும் டி செல்லையும் பக்கவாட்டில் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. நள்ளிரவில் யாரோ பெரட்டு மணியை அடித்துவிட்டதால் எந்த வேலைக்கு என்று தெரியாமலே லயம் முழுவதும் களத்துக்கு ஓடிவரும் நிலை அது. டி செல்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும், ஒரே நேரத்தில் கிளர்ந்தெழும். இந்த நச்சு இரத்தத்தில் கலந்தால் ஒரு நாளுக்குள் ஆளைச் சாய்க்கும் அதிர்ச்சி நிலை வரும். மூக்குச் சவ்விலோ, கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் நடக்கும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கிளவுஸ் பாகர்ட் தலைமையிலான குழு 2001இல் மூக்குச் சதைகளை எடுத்துச் சோதித்தபோது, அந்தச் சதைக்குள்ளேயே இந்த நச்சுகளுக்கு எதிரான ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதத்தைக் கண்டது. இது சாதாரணக் கண்டுபிடிப்பு அல்ல. ஒவ்வாமை இருக்கிறதா என்று கையில் குத்திப் பார்க்கும் சோதனையில் ஒன்றுமே தெரியாதவர்களின் மூக்கிலும் ஐஜிஇ குவிந்து கிடந்தது. உடம்பு முழுவதும் அமைதி, மூக்குக்குள் மட்டும் போர். அதே குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூக்குச் சதை உள்ளவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கிருமி இருந்தது; சதை இல்லாதவர்களிடமும் நலமானவர்களிடமும் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். சதையோடு இளைப்பும், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத குணமும் சேர்ந்தவர்களிடம் விகிதம் இன்னும் ஏறியது.

பிறகு நடப்பது தொடர் வினை. கிளர்ந்த செல்கள் இயோசினோபில் என்ற வெள்ளணுக்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைக்கின்றன. அவை வெடித்துச் சிந்தும் பொருள்கள் சவ்வையே அரிக்கின்றன. சவ்வு நீர் கோத்து, ஊதி, வாசலில் தொங்கத் தொடங்குகிறது. அதுதான் மூக்குச் சதை. குழாய்க் கேமராவில் பார்த்தால் சாம்பல் கலந்த வெளுப்பில், பளபளவென்று, ஈரமாக, மூச்சுக்கு மெல்ல அசைந்தபடி இருக்கும். தொட்டால் வலிக்காது. (மூக்குத் தண்டு வளைவும், மூக்கின் பக்கச் சதை பருப்பதும் வேறு சங்கதிகள், மூன்றையும் சேர்த்து 'மூக்குல சதை' என்று சொல்லிவிடுகிறோம்.) கூடவே பசையாக இழுபடும் ஒரு தடித்த சளி. அந்தச் சளியில் மிதக்கும் ஊசிப் படிகங்களை மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்த்தார்கள். அவை வெறும் குப்பையல்ல, தாமே வீக்கத்தைத் தூண்டுபவை என்று 2019இல்தான் கென்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கிருமிதான் இதைத் தொடங்கி வைக்கிறதா, ஏற்கெனவே பழுதான சவ்வில் வந்து குடியேறி எண்ணெய் ஊற்றுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. எல்லா மூக்குச் சதையும் ஒரே ரகமும் அல்ல. மேற்கு நாடுகளில் இயோசினோபில் ரகம் அதிகம்; ஆசியாவில் வெகுகாலம் நியூட்ரோபில் என்ற வேறு வெள்ளணு மிகுந்த ரகமே அதிகமாகக் காணப்பட்டது. ஆனால் தாய்லாந்து நோயாளிகளின் 1999ஆம் ஆண்டுச் சதைகளையும் 2011ஆம் ஆண்டுச் சதைகளையும் ஒப்பிட்டபோது, பன்னிரண்டே ஆண்டுகளில் அங்கும் இயோசினோபில் பக்கம் சாய்ந்திருந்தது. மலாயாத் தீபகற்பத்துக்கு அடுத்த வீட்டுச் செய்தி இது.

மூக்கு சும்மா அடிவாங்கிக்கொண்டும் இருப்பதில்லை. நாக்கில் கசப்பை உணர்த்தும் ஏற்பிகளில் ஒன்று சைனஸ் சவ்விலும் இருக்கிறது. சூடோமோனாஸ் என்ற கிருமிகள் தமக்குள் பேசிக்கொள்ளச் சுரக்கும் ரசாயனத்தை அந்த ஏற்பி உணர்ந்துவிடும். உணர்ந்த கணமே நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, நுண்மயிர்கள் வேகமாக அடிக்கும், கிருமியும் சாகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லீ, நோம் கோயன் ஆகியோர் 2012இல் இதை வெளியிட்டார்கள். இந்த ஏற்பி சரியாக வேலை செய்யாத மரபணுவோடு பிறந்தவர்களுக்குச் சைனஸ் தொல்லை கூடுதல். ஒரே லயத்தில், ஒரே புகையில் வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு மட்டும் ஏன் மூக்கு அடைகிறது என்ற கேள்விக்கு ஒரு சிறு பதில் இதில் கிடைக்கிறது.

நச்சா, குறையா, உடம்பின் எதிர்வினையா என்று குழம்பி, பின் தெளிந்த வரலாறு நெகிரி செம்பிலானுக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கால் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தமிழர்களுக்கு அது அனேகமாக வரவேயில்லை. மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்த லெனார்ட் பிரேடன் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் தின்றது புழுங்கலரிசி. பழைய பச்சரிசியில் பூஞ்சை உண்டாக்கும் நச்சுதான் காரணம் என்று 1907இல் புத்தகமே எழுதினார். அதே ஆண்டு ஜெலுபு மாவட்டத்து டுரியான் திப்புஸ் காட்டுச் சாலையில் வேலை செய்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டேன்டனும் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையரிசிப் பிரிவில்தான் நோய் வந்தது. பிரேடன் அரிசியைச் சரியாகப் பிடித்தார், காரணத்தைத் தவறாகச் சொன்னார். நச்சு இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போய்விட்ட சத்துதான் குறை. பின்னாளில் அதற்கு வைட்டமின் பி1 என்று பேர் வந்தது. இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு: காரணத்தைப் பிடித்ததும் ஆஸ்பத்திரிகளிலும் சிறைகளிலும் போடும் சோறு மாறியது. சைனஸில் காரணம் இவ்வளவு தெரிந்த பிறகும் தோட்டத்துக்குப் போகும் மருந்து மாறவில்லை.

தோட்டத்துக் காற்றையும் பேசியாக வேண்டும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் விறகுப் புகை நாள்கணக்கில் நிற்கும். பால் உறையாமலிருக்க அமோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். இரண்டும் மூக்கைச் சுடுபவை. செம்பனைக்கு மாறிய பிறகு புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை பெருகியது, அதில் பாதிக்கு மேல் சுமந்தவர்கள் பெண்கள். முதுகில் டாங்கியோடு, வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பேராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்த பெண்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடிந்ததும் நகம் கழன்றதும் எழுதப்பட்ட வரலாறு. ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு 2002இல் இதை அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பேராகுவாட்டுக்குத் தடை என்றது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. இடையில் போன ஆண்டுகளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. இவற்றோடு 1997, 2015, 2019 என்று திரும்பத் திரும்ப வந்த புகைமூட்டம். புகையும் ரசாயனமும் நேரடியாக மூக்குச் சதையை வளர்க்கின்றன என்று நான் சொல்லவில்லை. நுண்மயிரைச் சோர வைத்து, சவ்வின் காவலைத் தளர்த்தி, நச்சு சுரக்கும் கிருமிக்கு இடம் விடுகின்றன என்பது போதும்.

சரி, என்ன செய்வது? முதலில் கழுவ வேண்டும். கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு. தொட்டிமேல் குனிந்து, தலையைச் சாய்த்து, மேல் துவாரத்தில் ஊற்றினால் கீழ்த் துவாரத்தில் வரும். சளியோடு கிருமியும் அதன் நச்சும் வெளியேறும். யோகாசனக்காரர்களின் ஜல நேதிதான் இது. ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. கொதிக்க வைத்து ஆறவிட்ட நீர்தான் வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள். தொட்டியில் தேக்கி வைத்த நீரை நம்பியிருக்கும் லயங்களில் இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கழுவிய பின் ஸ்டீராய்டு ஸ்பிரே. பலருக்கு இது வேலை செய்யாததற்குக் காரணம் மருந்தல்ல, கை. வலக் கையால் வலத் துவாரத்தில் அடித்தால் மருந்து நடுத்தண்டில் பட்டு இரத்தம் வரும். இடக் கையால் வலத் துவாரத்தில், வலக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். தலை சற்றுக் குனிந்திருக்க வேண்டும். பலமாக உறிஞ்சக் கூடாது. ஒரு வாரத்தில் பலன் இல்லை என்று விடாமல், மாதக்கணக்கில் தினமும் அடிக்க வேண்டும். கடையில் வாங்கி அடிக்கும், ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும் சொட்டுமருந்து வேறு. அதை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்கும்.

ஸ்டீராய்டு மாத்திரை சில நாளில் சதையைச் சுருக்கி, போன மணத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனாலேயே ஆபத்து. மருத்துவர் ஒருமுறை எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாங்கித் தின்பவர்கள் உண்டு. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய நலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு அருகில், 31.4 விழுக்காடு, நீரிழிவு இருந்தது. அவர்களுக்கு இந்த மாத்திரை சர்க்கரையைத் தலைக்கு ஏற்றிவிடும். சர்க்கரை ஏறிய உடம்பில் ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன வரும் என்பதை 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை காட்டியது. அது தொடங்குவதும் மூக்கிலும் சைனஸிலும்தான். மூக்குச் சதையும் இளைப்பும் உள்ளவர் பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டு வாங்குவதும் அதே அளவு ஆபத்து. ஆஸ்பிரின் குடும்ப மாத்திரைகள் சிலருக்குச் சில மணி நேரத்தில் மூச்சையே அடைத்துவிடும்.

இதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. வாசல் திறக்கும், சதை போகும், ஸ்பிரே உள்ளே போக வழி கிடைக்கும். ஆனால் நச்சின் தூண்டல் நிற்காதவர்களுக்குச் சதை மறுபடி முளைக்கும். கழுவுவதையும் ஸ்பிரேயையும் நிறுத்தக் கூடாது. எதிர்வினையையே தடுக்கும் ஊசியான டுபிலுமாப் 2019இல் அமெரிக்காவில் மூக்குச் சதைக்கு அனுமதி பெற்றது. பலன் நன்றாகவே இருக்கிறது, விலை தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான ஆன்டிபயாடிக் சதையைக் கொஞ்சம் சுருக்குவதாகக் கென்ட் குழு 2010இல் காட்டியது உண்மை. ஆனால் அதை மருத்துவர் நாள் குறித்துக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு சளிக்கும் கேட்டு வாங்குவதற்கில்லை.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். லயத்தில் இன்று தமிழர்களைவிட வங்காளதேசத்தவரும் இந்தோனேசியர்களும் அதிகமாக இருக்கும் தோட்டங்கள் பல. அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, ஆகவே அவர்கள் கடைசிவரை வருவதில்லை. அவர்கள் மூக்கை முதலாளிகள்தான் கவனிக்க வேண்டும். நம்மவர்கள் செய்யக்கூடியது, 12 வாரம் தாண்டியதும் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேட்பது. அடைப்பு ஒரே பக்கம் மட்டும் இருந்தாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண் வீங்கினாலோ அன்றே போக வேண்டும். மற்றவர்கள் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ கோலப்பிலாவுக்கோ போகும் அந்தக் கடிதத்தில் ஐந்து விவரங்களை எழுதச் சொல்லுங்கள்: எத்தனை வாரமாக அடைப்பு, மணம் தெரியாமல் எத்தனை நாள், இளைப்பு உண்டா, எந்த வலி மாத்திரை ஒத்துக்கொள்வதில்லை, கடைசியாகப் பார்த்த சர்க்கரை எவ்வளவு.